கட்சியும் அரசும் ஒரே கையில்: கம்யூனிசம் பற்றி ஒரு திருகோணமலை விவாதம்

உப்புவெளியான் (இழையைத் தொடங்கியவர்)

2024 பொதுத்தேர்தல் முடிந்த நாளிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். "கம்யூனிஸ்ட்காரன் வந்திட்டான், கோயிலைப் பூட்டுவான், நகையை எழுதி எடுப்பான்." நான் என்னை வலதுசாரி என்று வெளிப்படையாகச் சொல்கிறவன். ஆனாலும் இந்தக் கதையைப் பரப்ப எனக்கு மனமில்லை. கோயிலை ஒருவரும் பூட்டப்போவதில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. அதைப் பற்றி இங்கே நிதானமாகக் கதைக்கலாம் என்று தொடங்குகிறேன்.

கடவுள் இல்லை என்று சொல்வதற்காக நான் கம்யூனிசத்தை எதிர்க்கவில்லை. காணி, வேலை, பத்திரிகை, நீதிமன்றம் எல்லாவற்றையும் ஒரே கட்சியிடம் கொடுக்கச் சொல்வதால்தான் எதிர்க்கிறேன். 1917இல் ரஷ்யாவில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. லெனினின் கட்சிக்குக் கிடைத்தது ஏறக்குறைய கால்வாசி வாக்கு. 1918 ஜனவரியில் சபை ஒரேயொரு அமர்வு கூடியது, அதோடு கலைத்துவிட்டார்கள். 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள், புரட்சியில் முன்னுக்கு நின்ற அந்தத் தளத்து ஆட்கள், சோவியத்துகள் என்ற தொழிலாளர் மன்றங்களுக்கு இரகசிய வாக்கெடுப்பில் புதிதாகத் தேர்தல் வையுங்கள் என்று கேட்டார்கள். துப்பாக்கியால் பதில் வந்தது. அதே மாதம் கூடிய பத்தாவது கட்சி மாநாடு, கட்சிக்குள்ளேயே அணி சேர்வதைத் தடைசெய்தது. எதிர்க்கட்சி, தொழிலாளி, கடைசியில் சொந்தத் தோழன் என்று வரிசையாக வாய் கட்டப்பட்டது. ஸ்டாலின் வந்து கெடுத்தார் என்று சொல்கிறவர்கள் இந்தத் திகதிகளைப் பார்க்க வேண்டும். எல்லாம் லெனின் உயிரோடு இருந்தபோது நடந்தவை.

இதற்கும் நம் ஊருக்கும் என்ன? இலங்கையில் 80 வீதத்துக்கு மேற்பட்ட காணி அரச காணி. கந்தளாய், அல்லை என்று 1950களில் குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது யாருக்குத் தண்ணீர், யாருக்கு வயல் என்று முடிவெடுத்தது கொழும்பு. அந்த முடிவு இந்த மாவட்டத்தின் தலைவிதியையே மாற்றியது. அரசு காணிச் சொந்தக்காரனாக இருந்தால் குடிமக்கள் எந்த நிலைக்கு வருவார்கள் என்று தெரிந்துகொள்ள நாம் மாஸ்கோவுக்குப் போகத் தேவையில்லை. அந்த அரசுக்குள் ஒரு கட்சி நிரந்தரமாகக் குடியேறினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

தம்பலகாமம் பொடியன்

அண்ணா, நான் திசைகாட்டிக்கு, ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு, வாக்குப் போட்டவன், அதனால் நானே முதலில் பதில் சொல்கிறேன். நாடு முழுவதும் 159 ஆசனம், நம் மாவட்டத்தில் 4இல் 2. இங்கே யாரும் மார்க்ஸைப் படித்துவிட்டுப் போடவில்லை. 2022இல் எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை பெற்றோல் வரிசையில் விட்டுவிட்டு, அப்பா அதிலேயே தலை வைத்துப் படுத்திருந்தார். யூரியா இல்லாமல் வயல் மஞ்சளாகிப் போனது. பரம்பரை பரம்பரையாக ஆண்டவர்கள் களவெடுத்தார்கள் என்ற கோபத்தில் போட்ட வாக்கு அது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது. தனியார் வங்கியை யாரும் தொடவில்லை. அரிவாளும் சுத்தியலும் ஜே.வி.பி. கொடியில் இருக்கிறது என்பதற்காக லெனினை நம் ஊருக்கு ஏன் இழுத்து வருகிறீர்கள்?

சீனன்குடா ஐயா

இரண்டு தம்பிமாருக்கும் வணக்கம். துறைமுகத்தில் வேலை செய்து, தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உப்புவெளித் தம்பி வரலாற்றை ஒரு கண்ணால் பார்க்கிறார், மற்றக் கண்ணையும் திறக்கட்டும்.

1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர்கள் இடதுசாரிகள். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் தெரியுமா? ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியின் ஆட்களும் கம்யூனிஸ்டுகளும் நாட்டையே நிறுத்தினார்கள், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது பருத்தித்துறை உறுப்பினர் பொன். கந்தையா, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், சபையில் எழுந்து எதிர்த்தார்.

அப்போது உங்கள் வலதுசாரிகள் என்ன செய்தார்கள்? கந்தளாயையும் அல்லையையும் நீங்களே சொன்னீர்கள். அதைத் தொடக்கியது ஐக்கிய தேசியக் கட்சி. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பேரை ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பியதும் அந்தக் கட்சி. அந்தக் காலத்தில் எம்.பி.யின் சிபாரிசுச் சிட்டு இல்லாமல் ஒரு சிற்றூழியர் வேலைகூடக் கிடையாது. தன் எம்.பி.மாரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டவர் அந்தக் கட்சியின் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன. 1982 டிசம்பர் 22இல் பொதுத்தேர்தல் வைக்க வேண்டிய இடத்தில் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, பழைய நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் ஓட்டினார். கட்சியும் அரசும் ஒன்றாவதை இலங்கைக்கு நடத்திக் காட்டியது கம்யூனிஸ்ட் இல்லை, தம்பி.

உப்புவெளியான்

ஐயா, நீங்கள் எழுதிய 1982ஐ ஒரு எழுத்துக்கூட மறுக்கமாட்டேன். ஜே.ஆர். சந்தையைத் திறந்தார், அதிகாரத்தைப் பூட்டினார். அதை நான் பழமைவாதம் என்று எண்ணவில்லை. அதிகாரத்துக்கு எல்லை வேண்டும், அரசுக்கும் தனி மனிதனுக்கும் நடுவே குடும்பம், கோயில், பள்ளிவாசல், சங்கம், வாசிகசாலை என்று பல அமைப்புகள் தம் பலத்தில் நிற்க வேண்டும், இதுதான் என் கட்சி.

ஆனால் ஐயா சொன்ன கதை 1956இல் நின்றுவிட்டது. பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். 1964இல் சமசமாஜிகள் பிரதமர் சிறிமாவோவின் அரசோடு சேர்ந்தார்கள். 1966 ஜனவரியில், தமிழுக்குச் சிறிது இடம் கொடுக்கும் விதிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஊர்வலத்தில் இடதுசாரிக் கட்சிகளும் நடந்தன. 1972 குடியரசு அரசியலமைப்பைத் தயாரித்துக் கொடுத்த அமைச்சர் யார்? சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்த அதே மனிதர். அதற்கு முன்னிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, சிறுபான்மைக்கு இருந்த அந்த மெல்லிய வேலி, அவர் காலத்தில்தான் போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அவர் காலத்தில்தான் வந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்த அமைச்சரவையிலும் இடதுசாரிகள் இருந்தார்கள்.

கொல்வின் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. மக்களின் பெயரால் பேசும் நாடாளுமன்றத்துக்கு மேல் எந்தத் தடையும் இருக்கக்கூடாது என்று உண்மையிலேயே நம்பினார். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. தடைகளை நல்ல நோக்கத்தோடு கழற்றுகிறவருக்குப் பிறகு வருகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. 1972இல் அவிழ்த்தார்கள், 1978இல் ஜே.ஆர். நிறைவேற்று ஜனாதிபதியாக வந்து உட்கார்ந்தார்.

காணிச் சீர்திருத்தமும் அப்படித்தான். 1972இல் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு, வயலுக்கு 25. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. கொழுந்து பறித்த கைக்கு ஒரு பேர்ச் காணி வந்ததா? முதலாளி மாறி அரசு வந்தது, அவ்வளவுதான். அந்தப் பத்து வருடத்தில் பட்டினியாலும் அடியாலும் துரத்தப்பட்ட மலையகச் சனங்கள் வவுனியாவுக்கும் நம் மாவட்டத்தின் எல்லைக் கிராமங்களுக்கும் வந்தார்கள். அவர்களுக்குக் கிணறு வெட்டி, பாலர் பாடசாலை தொடங்கியது அரசோ கட்சியோ இல்லை. காந்தியம் என்ற தொண்டு அமைப்பு. 1983இல் அதையும் நசுக்கினார்கள். டாக்டர் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். நசுக்கியது வலதுசாரி அரசு, ஐயா. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். தன் அனுமதி இல்லாமல் இயங்கும் எந்த அமைப்பையும் எல்லா அதிகாரமும் உள்ள அரசு பொறுக்காது, அது எந்த நிறக் கொடி பிடித்தாலும்.

தோப்பூர் நானா

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க ரெண்டு பேரும் இடது, வலது என்று சண்டை பிடிக்கிறீங்க. எங்களுக்குக் காணிதான் பிரச்சினை.

எங்கட வாப்பா சேனை செய்த இடம், யுத்தம் வந்து ஓடினோம், திரும்பி வந்து பார்த்தால் எல்லைக்கல். காடு என்று ஒருவர் சொல்கிறார், தொல்பொருள் என்று இன்னொருவர், மகாவலி என்று மூன்றாமவர். ஒவ்வொருவரிடமும் ஒரு வர்த்தமானி. எங்களிடம் இருப்பது பழுப்பேறிய வரிச் சிட்டு. நம்ம மாவட்டத்து முத்துநகர் விவசாயிகளைப் பாருங்க. அந்தக் காணி துறைமுக அதிகார சபையுடையது என்று 1984 வர்த்தமானி சொல்கிறது. நெல் விதைத்த ஆக்களைக் கிளப்பிவிட்டு சூரிய மின்சக்திக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற அரசு சிவப்புச் சட்டை, வாங்குவது தனியார் கம்பனி. இதைக் கம்யூனிசம் என்பதா, முதலாளித்துவம் என்பதா, நீங்களே சொல்லுங்க.

தம்பலகாமம் பொடியன்

நானா, முத்துநகர் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அங்கே போராட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நாங்கள் சேர்ந்து தேர்தல் வேலை செய்த ஆட்களும் இருக்கிறார்கள்.

நிலாவெளி மகள்

எல்லாரும் காணி என்கிறீர்கள், காணிப் பெர்மிட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

1935 காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் பெர்மிட்டில் குளத்தின் பெயர், துண்டு இலக்கம், பரப்பு, கீழே பின்னுரித்தாளி (காணி அடுத்து யாருக்குப் போகும்) என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால் சட்டம் தானே வாரிசைத் தேடும். அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். கிழக்கில் நம் வழக்கம் என்ன? வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. தாய்வழியாக வந்த வழக்கம் அது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. கலியாணம் கட்டி மருமகன்தான் வீட்டுக்கு வருவார். உறுதிக் காணி என்றால் அம்மா மகளுக்கு எழுதிவிட்டுப் போவா. பெர்மிட் காணியில் அம்மா கட்டிய வீட்டில் மகள் இருப்பாள், பேர் மட்டும் அண்ணனுக்குப் போகும். என் பெரியம்மாவின் வீட்டுக்கு இதுதான் நடந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டால் சட்டம் அப்படி என்றார்கள். விற்க முடியாது, அனுமதி இல்லாமல் ஈடு வைக்க முடியாது, துண்டாடவும் முடியாது.

உப்புவெளி அண்ணா மரபு, வழக்கம் என்று சொல்வதில் எனக்குப் பல இடத்தில் உடன்பாடில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஊர் வழக்கம் பெண்ணுக்குக் கொடுத்ததை அரசு பெர்மிட் பறித்தது. தூரத்தில் இருந்து எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் இப்படித்தான் வரும்.

சீனன்குடா ஐயா

மகள் சொன்னது பெறுமதியான கதை. ஆனால் வழக்கம் என்றால் அது மட்டும்தானா?

1930இல் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில் குந்தியிருந்தார்கள். உத்தரவு வந்ததும் வடக்கில் பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தது வழக்கம். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்களைப் பொலிஸ் அடித்தது. முன்னுக்கு நின்றவர்கள் சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டவர்கள் உள்ளே போகாதபடி வழியை மறித்து நின்றவர்கள் மரபைக் காக்கிறோம் என்றுதான் நின்றார்கள். அதே வருடம் டிசம்பரில் தமிழ்நாட்டில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி கூட்டிக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தவர்கள். எரித்தது அரசு இல்லை, கட்சி இல்லை. நிலச்சுவாந்தார்கள்.

நடுவில் நிற்கும் அமைப்புகள் வேண்டும் என்கிறீர்கள். அந்த அமைப்புகளுக்குள் சிக்கியவனுக்குக் கை கொடுக்க அரசு வேண்டியிருந்தது. பலமான அரசு. அதைக் கேட்டுப் போராட ஒரு கட்சி வேண்டியிருந்தது. என் தகப்பனார் எந்தத் தேநீர்க்கடையில் சிரட்டையில் குடித்தார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நான் சங்கத்துக்குப் போனேன்.

பாலையூற்று வாசி

ஐயாவின் பதிவு மனதைத் தொட்டது. நடுவில் ஒரு விஷயம் சேர்க்கிறேன், இந்தியாவில் படித்த காலத்தில் கவனித்தது.

கேரளத்தில் 1957இல் கம்யூனிஸ்ட் தலைவர் நம்பூதிரிபாட் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார். 1959இல் அந்த ஆட்சியை டெல்லி கலைத்தது, அது அநியாயம். ஆனால் பிறகு பல பத்தாண்டுகள் அங்கே ஒரு முறை இடது, மறு முறை காங்கிரஸ் என்று மாறி மாறி வந்தார்கள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கட்சிக்குத் தெரியும். காணிச் சீர்திருத்தம் நடந்தது, குத்தகைக்காரனுக்கு நிலம் கிடைத்தது, தேவாலயமும் பத்திரிகையும் பலமாக இருந்தன, திட்டினார்கள், கட்சி கேட்டது.

மேற்கு வங்காளத்தில் 1977 முதல் 2011 வரை 34 வருடம் ஒரே இடதுமுன்னணி. தொடக்கம் அருமை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிந்து பாதுகாப்புக் கொடுத்தார்கள். வருடம் போகப் போகக் கட்சியின் உள்ளூர்க் குழுதான் ஆசிரியர் நியமனம், காணித் தகராறு, புருசன் பெண்சாதி சண்டை எல்லாவற்றையும் தீர்த்தது. கடைசியில் 2007 மார்ச் 14இல் நந்திகிராமத்தில், தொழிற்பேட்டைக்கு நிலம் தரமாட்டோம் என்ற விவசாயிகளில் 14 பேர் பொலிஸ் சூட்டில் இறந்தார்கள். நிலம் கொடுத்த கட்சி நிலம் கேட்டுச் சுட்டது.

கொள்கை ஒன்று, செங்கொடி ஒன்று. வித்தியாசம் தோல்விதான். ஒரு இடத்தில் தோற்கடிக்க முடிந்தது, மற்ற இடத்தில் 34 வருடம் முடியவில்லை.

உப்புவெளியான்

பாலையூற்று வாசி எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஐயாவுக்கு முதலில் பதில்.

ஐயா, மாவிட்டபுரத்தில் வாசலை மறித்தவர்களுக்காக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன். பலமான அரசு வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஒரு பிள்ளையை வாங்கில் இருத்தச் சட்டம் போடும் அரசு வேண்டும். ஆனால் அந்த உத்தரவையும், 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தையும் கொண்டுவந்தது ஒருகட்சி ஆட்சி இல்லையே. சண்முகதாசன் கட்சி நடத்தவும், ஊர்வலம் போகவும், எழுதவும் முடிந்தது, அவர் வெறுத்த முதலாளித்துவ ஜனநாயகத்தில். அவர் கொண்டாடிய மாவோவின் சீனாவில் அப்படி ஒரு ஊர்வலம் போயிருக்க முடியுமா? 1959 முதல் 1961 வரை அங்கே கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். களஞ்சியம் கட்சியிடம், புள்ளிவிபரம் கட்சியிடம், பத்திரிகை கட்சியிடம். அரிசி இல்லை என்று எழுத ஒரு கை இருக்கவில்லை. 1953இல் இங்கே அரிசி விலை ஏறியபோது நாடு தெருவுக்கு வந்தது, பிரதமர் போனார். ஐயா, நீங்கள் பெருமையோடு சொன்ன ஹர்த்தாலே நான் கேட்கும் ஆட்சிமுறைக்குச் சாட்சி.

தமிழில் இந்தப் பக்கத்து வாதத்தைப் பேசியவர் ராஜாஜி. 1952இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1959இல், கூட்டுப் பண்ணை என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டபின், சுதந்திராக் கட்சி தொடங்கினார். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அவர் சொன்னது, நிலாவெளித் தங்கச்சி சொன்ன பெர்மிட் கட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் சாதி வாடை அடித்தது உண்மை, அதற்காகவே பதவியும் போனது. பெர்மிட் பற்றி அவர் சொன்னது அதனால் பொய்யாகாது.

இப்போது தம்பிக்கு. லெனினை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். 2025 உள்ளூராட்சித் தேர்தல் மேடையில் ஜனாதிபதி பேசியது நினைவிருக்கிறதா? தங்கள் கட்சியிடம் உள்ள சபை கேட்டால் பணம் உடனே போகும், மற்றவர்கள் அனுப்பும் திட்டத்தைப் பலமுறை பரிசோதிப்போம் என்ற கருத்தில் பேசினார். வரிப்பணம் திறைசேரியினுடையது, கட்சியினுடையது இல்லை. ஜே.ஆரின் எம்.பி. சிட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? இன்னொன்று. 2006இல் வடக்கு கிழக்கு இணைப்பை உடைக்க உயர் நீதிமன்றம் போனது இதே ஜே.வி.பி. இணைந்த மாகாணத்தின் தலைநகரமாக நம் ஊர் இருந்தது. அதிகாரம் மத்தியிலேயே இருக்க வேண்டும் என்ற அவர்களின் எண்ணம் புதிதில்லை. 2001இல் சுயாதீன ஆணைக்குழுக்களுக்காக, 17ஆவது திருத்தத்துக்காக, முன்னுக்கு நின்றவர்களும் அவர்களே. அதை மதிக்கிறேன். எதிர்க்கட்சியில் இருந்தபோது கேட்ட வேலியை ஆட்சியில் இருக்கும்போதும் காப்பார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோப்பூர் நானா

இது நல்ல கேள்வி. எங்கட ஊர் கூட்டத்திலும் இதைத்தான் கேட்டோம்.

சீனன்குடா ஐயா

ஹர்த்தால் பற்றித் தம்பி சொன்னதை யோசிக்கிறேன். ஆனால் ஒன்று: தெருவுக்கு வந்த சனத்தைத் திரட்டியது கட்சி. கட்சி இல்லாமல் ஏழைக்குக் குரல் இல்லை. கட்சியை அரசோடு ஒட்டவிடக்கூடாது என்றால் சம்மதம். 1964இல் சமசமாஜக் கட்சி அரசோடு ஒட்டிய நாளிலேயே அது செத்தது என்று எங்கள் சங்கத்தில் அப்போதே சிலர் சண்டை போட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு போன்றவர்கள் கட்சியை விட்டு வெளியேறினார்கள், சங்கத்தைச் சுதந்திரமாக வைத்துக்கொண்டார்கள். இடதுசாரிக்குள்ளேயே அந்தப் பாதை இருந்தது, அதையும் எழுதுங்கள்.

நிலாவெளி மகள்

அப்படியென்றால் வேலைக்கு வருவோமா? மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தில் தேசியக் காணி ஆணைக்குழு என்று ஒன்று எழுதியிருக்கிறது. 1987இலிருந்து இன்றுவரை எந்த அரசும் அமைக்கவில்லை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் காலாவதியானது, தேர்தல் இல்லை, ஆளுநர்தான். இரண்டுக்கும் இடது வலது என்று தடை ஏதும் இல்லை. 159 ஆசனம் இருக்கிறது, மூன்றில் இரண்டுக்குத் தேவை 150. தம்பலகாமத் தம்பி, உங்கள் ஆட்களிடம் இதைக் கேட்பீர்களா?

தம்பலகாமம் பொடியன்

கேட்பேன் அக்கா. அடுத்த தொகுதிக் கூட்டத்தில் மூன்று விஷயம் எழுத்தில் கொடுக்கிறேன்: மாகாண சபைத் தேர்தல் திகதி, காணி ஆணைக்குழு, முத்துநகர். உப்புவெளி அண்ணா வரைவை எழுதித் தாருங்கள், சீனன்குடா ஐயாவும் கையெழுத்துப் போடட்டும். தோப்பூர் நானா, முத்துநகர் ஆட்களின் பெர்மிட், வரிச் சிட்டுப் பிரதிகள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே போடுகிறேன்.